சொல் திரும்பி வரும் இடம்

1

தன் மொழியில் பாடுவது தார்மீகமான செயலா, அல்லது வெறும் சௌகரியமா? இந்தக் கேள்வியை நாம் பலமுறை கேட்டாயிற்று. பெரும்பாலும் பதிலைக் கையோடு வைத்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறோம். தமிழில் பாடுவது மெய், மற்றதெல்லாம் போலி என்று ஒரு கட்சி. ஸங்கீதத்துக்கு ஏது மொழி என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் கேள்வியின் விளிம்பைத்தான் தொட்டிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பாடுகிறவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று கேட்டால்தான் விஷயம் நகரும். இதை நான் சொந்த புத்தியால் கண்டுகொண்டேன் என்று சொல்ல முடியாது. எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஸ்வீடிஷ் மொழியில், நான் பிறப்பதற்கு வெகு முன்பே வந்த சில இசைத்தட்டுகளும், கடலூரில் நான் உட்காரும் பாங்க் கவுண்டருக்கு ஒரு முற்பகலில் வந்துபோன பெரியவர் ஒருவரும் சேர்ந்து கற்றுக்கொடுத்தது இது.

எனக்கு வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில். காலையில் ரயிலேறி திருப்பாதிரிப்புலியூரில் இறங்குகிறேன். மாலையில் மறுபடி அதே தண்டவாளம். போகவும் வரவுமாக இந்த நேரம் மட்டும்தான் முழுக்க என்னுடையது. சிதம்பரத்தில் ஓய்வு பெற்ற விரிவுரையாளர் ஒருவர் இருக்கிறார். பழைய இசைத்தட்டுகள் சேர்ப்பவர். போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அபிப்பிராயம் கேட்கமாட்டார், சொல்லவும் மாட்டார். விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல சகவாசம் கிடையாது. அவர் வீட்டில்தான் 1970-ஐ ஒட்டிய ஸ்வீடிஷ் ராக் இசை எனக்கு அறிமுகமாயிற்று. பிறகு அவற்றையே கைபேசியில் ஏற்றிக்கொண்டு, பரங்கிப்பேட்டையும் ஆலப்பாக்கமும் ஜன்னலில் கடந்துபோக, மாதக்கணக்கில் கேட்டேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒரே கிடார் அடி, அதே இடத்தில், கால் மணி நேரம். எங்கேயாவது போகப்போகிறது என்று காத்திருந்தால், எங்கேயும் போகாமல் நிற்கிறது. நிற்பதுதான் அதன் காரியம் என்று புரிய எனக்குப் பல வாரங்களாயிற்று.

2

1967-ல் ஸ்டாக்ஹோமில் பேர்ஷன் சவுண்ட் என்றொரு குழு உருவானது. அதன் மையத்தில் இருந்த போ ஆண்டர்ஸ் பேர்ஷன் அங்குள்ள ராயல் இசைக் கல்லூரியில் படித்தவர். அந்த வருஷம் அமெரிக்க இசையமைப்பாளர் டெரி ரைலி ஸ்டாக்ஹோம் வந்து தன் ‘இன் ஸி’ என்ற படைப்பை வாசிக்கச் செய்தபோது அதில் பங்கெடுத்தவர். ஐம்பத்து மூன்று சின்னஞ்சிறு ஸ்வரக் கோவைகள். ஒவ்வொரு வாத்தியக்காரரும் ஒவ்வொன்றையும் தன் மனம் போனபடி திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு அடுத்ததற்கு நகரலாம். இவ்வளவுதான் ‘இன் ஸி’. இந்த ரைலிதான் 1970-ல் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் சீடராகப் போனவர். ஆக, எது யாருடையது என்ற கணக்கு ஆரம்பத்திலேயே குழம்பித்தான் கிடக்கிறது.

பேர்ஷன் சவுண்ட் தன் காலத்தில் இசைத்தட்டு எதையும் வெளியிடவில்லை. அவர்களுடைய ஒலிப்பதிவுகள் 2001-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குழுவின் பெயர் மாறிக்கொண்டே வந்த விதம். 1968-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். இது அமெரிக்க டிராக்டர் கம்பெனி ஒன்றின் பெயர். பிறகு ‘இன்டர்நேஷனல்’ உதிர்ந்து வெறும் ஹார்வெஸ்டர். அந்தப் பெயரில் 1969-ல் வந்த தட்டின் தலைப்பு ‘ஹேமோத்’. ‘வீட்டை நோக்கி’ என்று அர்த்தம். அதற்கப்புறம் குழுவின் பெயரே ஸ்வீடிஷ் ஆகிவிட்டது: த்ரேட், க்ரேஸ் ஓ ஸ்தேனார். ‘மரங்கள், புல், கற்கள்.’ மூன்று வருஷத்துக்குள் ஒரு குழு ஆங்கிலப் பெயரிலிருந்து தன் வீட்டுக் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இவர்கள் தனியாக இல்லை. 1969-ல் பியூ ரோகெஃபெல்ட் என்பவரின் முதல் தட்டு வந்தது. தலைப்பு ‘ஆமா, அப்படித்தான்’ என்கிற மாதிரியான ஒரு பேச்சு. பள்ளிக்கூடத்து ஸ்வீடிஷ்கூட இல்லை. வாயில் வருகிறபடி எழுதப்பட்டது. நம் உரைநடையில் கொச்சை நுழைந்தபோது பண்டிதர்கள் முகம் சுளித்ததை நினைத்துக்கொள்ளலாம். 1970-ல் நவம்பர் என்ற குழு, கருப்பர்களிடமிருந்து லண்டன் வழியாக வந்த கனத்த புளூஸை எடுத்துக்கொண்டு அதில் ஸ்வீடிஷ் சொற்களைப் போட்டது. அதே வருஷம் போ ஹான்சன், டால்கீனின் மோதிரக் கதையை வார்த்தையே இல்லாமல் ஆர்கனில் ஒரு முழுத் தட்டாகச் செய்தார். ஜூன் 1970-ல் ஸ்டாக்ஹோமின் திறந்தவெளி ஒன்றில் இசைக்காரர்களே கூடி, டிக்கெட் இல்லாமல் ஒரு விழா நடத்தினார்கள். பெரிய கம்பெனிகளை நம்பாத சிறு இசைத்தட்டு நிறுவனங்கள் முளைத்தன. சைலன்ஸ் அவற்றில் ஒன்று. 1973-ல் கெப்னேகைசே என்ற குழு, நாட்டின் மிக உயரமான மலையின் பெயரைச் சூடிக்கொண்டு, கிராமத்து வயலின் மெட்டுகளை மின்சார கிடாரில் வாசித்தது. இதற்கெல்லாம் முன்னோடியாக 1964-லேயே யான் யோஹான்சன் நாட்டுப்பாடல்களைப் பியானோவில் வைத்து ‘ஸ்வீடிஷில் ஜாஸ்’ என்று பெயரிட்டிருந்தார்.

இதைப் படிக்கிறபோது ‘வேர்களுக்குத் திரும்புதல்’ என்ற சொற்றொடர் நம் நாக்கு நுனிக்கு வந்துவிடும். அதை நான் நம்பவில்லை. எது வீடு திரும்பிற்று? கிடார் அமெரிக்காவினுடையது. புளூஸ் மிஸிஸிப்பி அடிமைகளின் பேரப்பிள்ளைகளுடையது. திரும்பத் திரும்ப வாசிக்கும் முறை ரைலியினுடையது. ‘மரங்கள், புல், கற்கள்’ 1970-ல் தன் பெயரிலேயே வெளியிட்ட தட்டில் பாப் டிலனின் பாட்டும் ரோலிங் ஸ்டோன்ஸின் பாட்டும் இருக்கின்றன. மெதுவாக்கி, இழுத்து, அடையாளம் தெரியாத அளவுக்கு நீட்டியிருக்கிறார்கள். தூய்மைதான் சொந்தத்துக்கு இலக்கணம் என்றால் இவை முழுக்க இரவல் சரக்கு. ஆனால் கேட்கிறபோது இரவல் வாடை இல்லை. ஏன் இல்லை?

என் பதில் இது. ஸ்டாக்ஹோம் பையன் ஒருவன் ஆங்கிலத்தில் “என் ஆத்மா எரிகிறது” என்று பாடலாம். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அது ஒரு வேஷம் என்று பாடுகிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். அதையே அவன் ஸ்வீடிஷில் பாடினால் சமையலறையிலிருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்து, “என்னடா எரிகிறது உனக்கு?” என்று கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் பாடலாம். இல்லையென்றால் மரம், புல், கல் என்று கண்ணில் படுவதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். மாற்றம் இங்கேதான் நடந்தது. இசையின் மூலம் எங்கிருந்தோ வரட்டும்; பாட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் மாறிவிட்டான். பொய் சொன்னால் கண்டுபிடிக்கக்கூடிய ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டான்.

இலக்கியத்தில் இது நமக்குத் தெரிந்த சங்கதி. நான் தினம் இறங்குகிற திருப்பாதிரிப்புலியூரில்தான் 1906-ல் புதுமைப்பித்தன் பிறந்தார். தழுவலை அவ்வளவு காரமாகச் சாடியவருடைய சில கதைகளே மாப்பசானிடமிருந்து எடுத்தவை என்று பின்னாளில் சுட்டிக் காட்டப்பட்டது. சுட்டியவர்களும் பரிந்து பேசியவர்களும் மூலத்தைத்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எடுத்த கதையை அவர் எந்தத் தமிழில், யார் காதில் விழும்படி சொன்னார், அந்தக் காதுக்குரியவன் அதில் தன்னைக் கண்டு கூசினானா என்று கேட்டவர்கள் குறைவு.

3

இனி நம் பக்கத்துக் கதை. 1970, 1971 ஆகிய இரண்டு வருஷங்களிலும் ‘சிம்லா பீட்’ என்ற பெயரில் இரண்டு இசைத்தட்டுகள் இந்தியாவில் வெளிவந்தன. சிம்லா என்பது ஒரு சிகரெட். இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி அதன் விளம்பரத்துக்காக அகில இந்திய அளவில் ராக் குழுக்களுக்குப் போட்டி நடத்தி, தேர்ந்தவர்களைப் பதிவு செய்தது. பல நகரங்களிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள். ஸ்வீடன்காரர்களோடு ஒப்பிட்டால் வாசிப்பில் பெரிய குறை சொல்ல முடியாது. ஓரிரு இடங்களில் கிடாரின் அலறல் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. மேனாட்டுச் சேகரிப்பாளர்கள் பின்னாளில் இவற்றைத் தேடி எடுத்து மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். அத்தனை பாட்டும் ஆங்கிலம்.

நான் இவர்களைக் கேலி செய்யப்போவதில்லை. ஆங்கிலம் படித்து, ஆங்கிலத்தில் கனவு கண்டு, பிறகு தமிழில் கட்டுரை எழுதவந்தவன் நான். அந்தப் பையன்களின் ஏக்கம் நிஜமானது. ஆனால் அந்த ஏக்கத்தைக் கேட்டு, “என்னடா எரிகிறது?” என்று கேட்கக்கூடிய அம்மா அந்த மண்டபத்தில் இல்லை. அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்தது ஒரு சிகரெட் கம்பெனி. அதற்குப் பாட்டின் பொருளைப் பற்றிக் கவலையில்லை. சொன்ன சொல் போய்க்கொண்டே இருந்தது. எங்கும் மோதித் திரும்பி வரவில்லை.

தமிழில் மின்சார கிடார் ஒலிக்கவே இல்லையா என்றால், ஒலித்தது. சினிமாவில். அதே 1970-ஐ ஒட்டிய வருஷங்களில் எம்.எஸ். விசுவநாதனின் இசையில், எல்.ஆர். ஈஸ்வரியின் குரலில், ஸ்டாக்ஹோமுக்குச் சற்றும் குறையாத துணிச்சல்கள் நடந்திருக்கின்றன; தமிழ் வார்த்தைகளோடுதான். ஆனால் அவை எந்த இடத்தில் ஒலித்தன என்று பாருங்கள். பெரும்பாலும் கிளப்பில், வில்லனின் கூடாரத்தில், கண்ணாடிக் கோப்பைகளுக்கு நடுவில். கிடாரும் டிரம்ஸும் கேட்டால் யாருக்கோ கற்பு போகப்போகிறது என்று கொட்டகை முழுவதற்கும் தெரியும். ஆக, நம்மிடம் தமிழும் இருந்தது, புதிய ஒலியும் இருந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தைச் சுற்றி ஒரு வேலி போட்டு, ‘இது நாமல்ல, கெட்டுப்போனவர்கள்’ என்று எழுதி வைத்துவிட்டோம். சொந்த மொழியில் இருந்தும் அந்தப் பாட்டு நமக்குச் சொந்தமாகாமல் பார்த்துக்கொண்டோம். இது சிம்லா பீட்டைவிடத் தந்திரமான தப்பித்தல்.

4

சிதம்பரத்துக்காரன் இந்தப் பிரச்னையைப் பேசும்போது 1941-ஐத் தாண்டிப் போகமுடியாது. அந்த ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டுகளுக்கு முதலிடம் வேண்டும் என்று தீர்மானம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பணம் கொடுத்தார், கல்கி எழுதினார், பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களை ஸ்வரப்படுத்தித் தொகுதிகளாக வெளியிட்டது, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. எதிர்த்த வித்வான்கள் சொன்னதும் நமக்குத் தெரியும்: ஸங்கீதத்தில் நாதம்தான் பிரதானம், சொல் அல்ல. ஸ்வீடன்காரர்கள் 1970-ல் கேட்டதை நம்மவர்கள் முப்பது வருஷம் முன்னாலேயே கேட்டுவிட்டார்கள் என்று இங்கு மார் தட்டிக்கொள்ளலாம். நானும் சில காலம் தட்டிக்கொண்டிருந்தேன்.

தயக்கம் வந்தது நந்தன் கதையால். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரக் கீர்த்தனை தமிழிசையின் மணிமகுடங்களில் ஒன்று. ஊர் எல்லையில் நின்று, உள்ளே வர உத்தரவு கேட்பவனின் பாட்டு அது; நெருப்பில் இறங்கித்தான் அவன் உள்ளே போகிறான். 1942-ல் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாக நடித்துப் பாடிய எம்.எம். தண்டபாணி தேசிகர் பின்னாளில் இதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தார். நந்தனின் துயரம் சுத்தமான தமிழில், சுத்தமான ராகத்தில், சபை கண்ணீர் விடப் பாடப்பட்டது. அந்தச் சபையில் நந்தனின் ஜாதிக்காரன் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தான்? சுவாமி சகஜானந்தர் 1916-லேயே சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கியிருந்தார். பாட்டுக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே தூரம் அதிகமில்லை, நடந்து போய்விடலாம். போனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

தமிழிசை இயக்கம் எந்த மொழியில் பாடுவது என்று கேட்டது; நல்ல கேள்வி, கேட்கவேண்டிய கேள்வி. யார் காதுக்குப் பாடுவது, யார் எழுந்து நின்று “இது பொய்” என்று சொல்லலாம் என்பதை அவ்வளவு வற்புறுத்திக் கேட்கவில்லை. கோயிலிலும் அப்படித்தான். சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடலாம் என்று அரசாணை வர 2008 ஆயிற்று. அதுவும் போலீஸ் பந்தோபஸ்தோடுதான் பாடமுடிந்தது. நடராஜர் சந்நிதியில் தமிழ் ஏற வழக்கு வேண்டியிருந்தது. மொழி உள்ளே போவது ஒரு வெற்றி. மொழிக்காரர்கள் எல்லோரும் உள்ளே போவது வேறு விஷயம்.

ஸ்வீடன்காரர்களையும் விட்டுவைக்க வேண்டாம். அவர்களுடைய இயக்கம் எழுபதுகளின் நடுவில் நியாயஸ்தலமாக மாறிற்று. 1974-ல் ஆபா குழு ஆங்கிலத்தில் பாடி யூரோவிஷன் போட்டியில் வென்றது. மறு வருஷம் அந்தப் போட்டி ஸ்டாக்ஹோமில் நடந்தபோது இயக்கத்துக்காரர்கள் எதிர்விழா நடத்தினார்கள். வியாபாரத்தை எதிர்த்தது சரி. ஆனால் எது மக்களுடைய இசை என்று தீர்ப்பு வழங்கும் உரிமையைத் தாங்களே எடுத்துக்கொண்டதும், பாட்டில் பிரசங்கம் ஏறிற்று. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் பதில் கேட்கிறவர்களாகிவிட்டார்கள். மொழி ஒரு பாட்ஜ் ஆகிறபோது அதன் பின்னால் எதையும் ஒளித்துவைக்கலாம். நமக்கு இதற்கு உதாரணம் தேடி ஸ்டாக்ஹோம் போகவேண்டியதில்லை.

5

இப்போது அந்தப் பெரியவர். கடலோரக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர்; அறுபதைத் தாண்டியவர். தங்கை மகன் வலைக்கும் இன்ஜினுக்கும் கடன் கேட்டிருந்தான். அதற்கு இவர் ஷூரிட்டி. அன்று கவுண்டரில் கூட்டம். நான் படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். படிவம் ஆங்கிலம். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?” என்றார். வரிசையில் பின்னாலிருந்தவர்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். “ஒண்ணுமில்லீங்க ஐயா, எல்லாரும் போடுற கையெழுத்துதான்” என்றேன். போட்டுவிட்டார்.

படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் அவனுக்குச் சமமாகப் பொறுப்பு. அவர் பெயரில் பாங்கில் இருக்கும் பணத்தை அந்தக் கடனில் வரவு வைத்துக்கொள்ள பாங்குக்கு அதிகாரம் உண்டு. ஒரு எழுத்துக்கூட ஒளிவுமறைவில்லை. இரண்டு வருஷம் கழித்து அப்படியே நடந்தது. மருமகன் கட்டவில்லை, பெரியவர் பெண்ணுக்காகப் போட்டிருந்த டெபாசிட் போயிற்று. அவர் வந்தார். சத்தம் போடவில்லை. என் கவுண்டருக்கு நேராக வந்து, “எல்லாரும் போடுற கையெழுத்துதான்னு நீதானே தம்பி சொன்ன?” என்றார். அவ்வளவுதான். என் வார்த்தையை, நான் சொன்ன வரிசை குலையாமல், இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

இந்தச் சம்பவம் நான் ரயிலில் கட்டி வைத்திருந்த கொள்கையை உடைத்துவிட்டது. தன் மொழியில் பேசுகிறவன் பொய் சொல்ல முடியாது என்று நான் கிட்டத்தட்ட நம்பியிருந்தேன். இங்கே ஆங்கிலப் படிவம் உண்மையைச் சொல்லிற்று. என் தமிழ்தான் பொய் சொல்லிற்று. அதுவும் மரியாதையான, ‘ஐயா’ போட்ட, அவருக்கு இதமான தமிழ். அந்நிய மொழி அவருக்குக் கதவைச் சாத்தியிருந்தது என்றால், நான் என் மொழியைக் கொண்டு அந்தக் கதவில் கோலம் போட்டேன். சட்டம் என்னைத் தொடாது. கையெழுத்து அவருடையது.

பல நாள் யோசித்தபின் உடைந்ததிலிருந்து ஒரு துண்டு மிஞ்சியிருப்பது தெரிந்தது. தாய்மொழி யாரையும் யோக்கியனாக்குவதில்லை. பொய் சொல்ல அதைவிட வாகான கருவி கிடையாது. ஆனால் அதில் சொன்ன பொய் சொன்னவனிடம் திரும்பி வரமுடியும். படிவத்தின் வாசகத்தை அவர் யாரிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பார்? அதற்கு முகம் இல்லை. அது எழுதப்பட்ட பாஷையில் அவருக்கு வாய் இல்லை. என் வாக்கியத்தை மட்டும் அவரால் தூக்கிக்கொண்டு வரமுடிந்தது. சொந்த மொழி என்று நான் இப்போது சொல்வது இதைத்தான்: எந்த மொழியில் நான் சொன்னதை, என்னைவிட எளியவன் ஒருவன் என் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்ல முடியுமோ அது. பிறப்போ வேரோ தூய்மையோ இதற்கு அளவுகோல் இல்லை. நந்தன் கீர்த்தனையை நந்தனின் ஆட்கள் சபையில் எழுந்து நின்று திருப்பிச் சொல்ல முடியாதவரை, அது எவ்வளவு தமிழாக இருந்தாலும் பாதி அந்நியம்தான்.

6

இந்த இடத்தில் இளையராஜாவின் 1986 இசைத்தட்டை நினைக்கிறேன். ‘ஹௌ டு நேம் இட்?’ சினிமாவுக்கு வெளியே அவர் செய்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். ஒரு இடத்தில் பாக்கின் மூன்றாவது பார்ட்டிட்டாவின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் வி.எஸ். நரசிம்மனின் வயலின் நம் வழியில் கற்பனை செய்துகொண்டு போகிறது. போ ஹான்சனைப் போலவே வார்த்தை கிடையாது. தலைப்புகள் எல்லாம் ஆங்கிலம்.

என் கொள்கைப்படி இதை நான் கண்டித்தாக வேண்டும். பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர், அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். ஸ்வீடன் இயக்கத்துக்காரர்கள் கனவு கண்டதை இந்தச் சகோதரர்கள் அவர்களுக்கு முன்பே, வயல்வெளி மேடைகளில், எதிரே உட்கார்ந்திருந்த கூலிக்காரன் எழுந்து கேள்வி கேட்கக்கூடிய தமிழில், செய்துகொண்டிருந்தார்கள். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது கிடாருக்கு நாம் போட்டிருந்த வேலி பிரிய ஆரம்பித்தது. வயல் வரப்பில் மேனாட்டு வாத்தியம் கேட்டது, யாருக்கும் கற்பு போகவில்லை. அப்படிப்பட்டவர் தனக்கென்று ஒன்று செய்யவந்தபோது ஏன் சொல்லைக் கைவிட்டார்? பெயர் வைக்க ஏன் ஆங்கிலத்துக்குப் போனார்?

முன்பு எனக்கு இது ஒரு நழுவலாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. கர்நாடகம், நாட்டுப்புறம், மேற்கத்தியம் என்று ஒலிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் இவரைக் கேட்டு வைக்கவில்லை. 1941 தீர்மானத்தில் இவருடைய ஊர்ப்பாட்டுக்கு இடம் இருந்ததா என்பதும் சந்தேகம். பெயர் வைக்கும் அதிகாரம் உள்ளவர்களைப் பார்த்து, அவர்களுக்குப் புரியும் பாஷையில், ‘இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். கேள்வி போய்ச் சேரவேண்டியவர்களின் மொழியில் கேட்கப்பட்டிருக்கிறது. பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இப்போது அவர்கள் பக்கம். நான் அந்த ஆங்கிலப் படிவத்தை நீட்டியதற்கும் இதற்கும் திசை நேர் எதிர். நான் மேலிருந்து கீழே, புரியாத மொழியில் கொடுத்தேன். அவர் கீழிருந்து மேலே, அவர்களுக்குப் புரிந்தே ஆகவேண்டிய மொழியில் கேட்டார். மொழியைப் பார்த்து மட்டும் தீர்ப்பெழுதினால் இந்த வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும்.

7

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்தப் பத்திரிகையை நூறு பேர் படிக்கிறோம்; எழுதுகிறவர்களும் ஏறக்குறைய அதே நூறு பேர்தான். தமிழில்தான் எழுதுகிறோம். ஆனால் இந்தத் தமிழில் நாம் எழுதியதை யார் வந்து நம்மிடம் திருப்பிச் சொல்லப்போகிறார்கள்? மௌனி நெடுங்காலம் வாழ்ந்து 1985-ல் மறைந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடினமாக எழுதுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய கடினம் அவர் சொல்லவந்ததன் கடினம். என் பத்திகளில் சில, அன்று கவுண்டரில் நான் சொன்ன ‘எல்லாரும் போடுற கையெழுத்துதான்’ என்பதற்கு நெருங்கிய உறவு என்று எனக்கே தெரிகிறது. அவற்றை எழுதியபோதும் பின்னால் வரிசை நெளிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

‘ஹேமோத்’ என்றால் வீட்டை நோக்கி. வீட்டில் என்று அர்த்தமில்லை. அந்தக் குழு போய்ச் சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது. மாலை ரயிலில் இன்னும் அதைக் கேட்கிறேன்.

கவுண்டரில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஷூரிட்டி கையெழுத்துக்கு வருகிறவர்களுக்குப் படிவத்தை ஷரத்து ஷரத்தாகத் தமிழில் சொல்கிறேன். ‘உங்க காசு போயிடும்’ என்ற வாக்கியத்தைத் தவறாமல் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் ஆகிறது. சிலர் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாமல் எழுந்துபோகிறார்கள். கூட வந்த உறவுக்காரன் என்னை முறைக்கிறான். வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது, மேலே இருந்து கேள்வியும் வந்தாயிற்று. அந்தப் பெரியவர் பென்ஷனுக்காக மாதாமாதம் வருகிறார். என் கவுண்டர் காலியாக இருந்தாலும் பக்கத்துக் கவுண்டரில் போய் நிற்கிறார்.